எங்க கரும்பில் ஓடுது டர்போ காரு – எங்க பங்கு எங்கே?

  



கரும்புக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு நாம் எங்கே போனாலும் ஒரே பதில்தான் வருகிறது. "சர்க்கரைக்கு விலை இல்லைங்க, ஆலை நட்டத்துல ஓடுது, எங்கேருந்து எடுத்துக் குடுக்கிறது?" இதே பதிலை நம் தகப்பன்மார் கேட்டார்கள். நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் காலம் மாறிவிட்டது. இன்றைக்குக் கரும்பிலிருந்து சர்க்கரை வருகிறது, சக்கையிலிருந்து மின்சாரம் வருகிறது, கழிவுப்பாகிலிருந்தும் சாற்றிலிருந்தும் எத்தனால் வருகிறது. அந்த எத்தனால் பெட்ரோல் பங்க் வழியாக நாட்டின் பெட்ரோல் வண்டிகளுக்குள் போய்விட்டது.

அதனால் இந்த முறை நம் சங்கப் பிரசுரத்தில் கார் என்ஜினைப் பற்றி எழுதுகிறோம். "விவசாயச் சங்கத்துக்கும் கார் என்ஜினுக்கும் இன்னாப்பா சம்பந்தம்?" என்று திண்ணையில் கேட்பவர்கள் கேட்கட்டும். நாம் விளைவிக்கிற பொருள் எங்கே போகிறது, அங்கே அதற்கு என்ன மதிப்பு என்று தெரியாமல் விலை கேட்கப் போகிறவன், கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவன்தான்.

பக்கத்திலேயே நடக்கிற கதை

ஐயங்கார்குளத்திலும் சுற்று வட்டாரத்திலும் நம் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்கள் வேலை செய்கிற இடங்களில் என்ன தயாராகிறது?

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 2019ல் வெண்யூ என்ற சிறிய காரில் 1 லிட்டர் டர்போ என்ஜினை வைத்து வெளியே விட்டார்கள். 2023ல் வெர்னா காரில் 1.5 லிட்டர் டர்போ, 160 குதிரைசக்தி. ஒரகடம் ரெனால்ட்-நிசான் ஆலையில் 2020 டிசம்பரில் வந்தது மேக்னைட். அதில் டர்போ இல்லாத 1 லிட்டர் என்ஜினுக்கு 72 குதிரைசக்தி. டர்போ வைத்த 1 லிட்டர் என்ஜினுக்கு 100. மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்களைப் பூட்டுகிறார்கள். இதே இருங்காட்டுக்கோட்டையில் 1990ல் திறந்த பந்தயத் தடத்தில் ரேஸ் கார்கள் உறுமுகின்றன.

என்ஜின் சின்னது, சக்தி பெரியது. இதுதான் இன்றைய கார் கம்பெனிகளின் வழி. இந்த வழியில் நம் கரும்புக்கு ஒரு தனி இடம் இருக்கிறது.

டர்போ என்றால் என்ன?

கொல்லன் பட்டறையில் துருத்தியைப் பார்த்திருக்கிறோம். சும்மா எரிகிற கரி, துருத்தியால் காற்றை ஊதினால் கொழுந்துவிட்டு எரிகிறது. என்ஜினும் அப்படித்தான். அதற்குள் எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவு எண்ணெயைத்தான் எரிக்க முடியும். டர்போ என்பது என்ஜினுக்கு வைத்த துருத்தி. சைலன்சர் வழியாக வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டில் மறுபுறம் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. டர்போ வைத்த டிராக்டரையும் லாரியையும் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

டீசல் வண்டியில் இதற்குப் பெரிய தொல்லை இல்லை. பெட்ரோல் வண்டியில்தான் வம்பு. காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுமே, அது போல. அந்தச் சூட்டில் பெட்ரோல், பிளக் தீப்பொறி போடுவதற்கு முன்னாலும், போட்ட பிறகு தீ பரவி முடிவதற்குள்ளும் தானே பற்றிக்கொள்ளும். என்ஜினுக்குள் 'டக் டக்'கென்று இடிக்கும். மெக்கானிக் இதை 'நாக்கிங்' என்பார். விடாமல் இடித்தால் பிஸ்டன் உடையும்.

இப்படித் தானாகப் பற்றாமல் தாங்கும் திறனுக்குத்தான் ஆக்டேன் எண் என்று பெயர். எண் கூடினால் தாங்கும் திறன் கூடும். தாங்கும் திறன் கூடினால் டர்போ துருத்தியை இன்னும் பலமாக ஊதலாம்.

எத்தனால் உள்ளே போனால் என்ன ஆகும்?

முதலாவது, ஆக்டேன். 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே சொன்ன கணக்கு இது. எத்தனாலின் ஆக்டேன் சுமார் 108.5. பெட்ரோலின் ஆக்டேன் 84.4. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது, குளிர்ச்சி. ஊசி போடும் முன் நர்ஸம்மா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கையில் தடவினால் சில்லென்று இருக்கிறதே, ஏன்? அது ஆவியாகிப் போகும்போது நம் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஸ்பிரிட்டும் எத்தனாலும் ஒரே சாதி. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக எடுத்துக்கொள்ளும் சூட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஒரு கிலோ எத்தனால் எடுத்துக்கொள்கிறது. டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றை எத்தனால் உள்ளேயே குளிர வைக்கிறது. பெட்ரோல் டர்போ என்ஜினின் பெரிய வியாதி சூடு என்றால், அதற்கு மருந்து எரிபொருளிலேயே இருக்கிறது.

மூன்றாவது, பாதகம். அதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் குறையும். என்ஜினுக்கு அதிக எண்ணெய் ஊற்ற வேண்டும், அதற்குத் தக்க பம்பும் இன்ஜெக்டரும் வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் எத்தனால் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது? சாதாரண பழைய என்ஜினில் எத்தனால் ஊற்றினால் பாதகம்தான் முன்னால் நிற்கிறது. அதற்கென்றே செய்த டர்போ என்ஜினில் ஊற்றினால் சக்தி முன்னால் வருகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2005ல் ஸ்வீடனில் சாப் கம்பெனி 85 சதம் எத்தனாலில் ஓடும் ஒரு டர்போ காரை விற்றது. அதே என்ஜின் பெட்ரோலில் 150 குதிரைசக்தி, எத்தனால் கலவையில் 180 குதிரைசக்தி. டர்போ ஊதலைக் கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். 2007ல் அதே நாட்டின் கோனிக்செக் என்ற பந்தயக் கார் கம்பெனி கொண்டுவந்த வண்டி பெட்ரோலில் 806 குதிரைசக்தி, எத்தனால் கலவையில் 1,018. (அதில் டர்போவுக்குப் பதில் சூப்பர்சார்ஜர். அதுவும் காற்றை அமுக்கும் துருத்திதான், என்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றும்.) அமெரிக்காவில் இண்டிகார் பந்தயத்தில் 2007லேயே எத்தனாலுக்கு மாறினார்கள். 2012 முதல் அங்கே ஓடுவது டர்போ என்ஜின். 2023 முதல் அவர்கள் ஊற்றும் எரிபொருளில் பெரும்பங்கு, கரும்புச் சக்கை போன்ற மிச்சத்திலிருந்து எடுத்த இரண்டாம் தலைமுறை எத்தனால்.

உழவர் பெருமக்களே, நாம் வயலில் போட்டுக் கொளுத்துகிற சோகையும், ஆலை எரிக்கிற சக்கையும், அமெரிக்காவில் பந்தயக் கார் ஓட்டுகிற காலம் இது!

நம் நாட்டில் என்ன நடந்தது?

2003 ஜனவரியில் 9 மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதம் எத்தனால் கலப்பது என்று மத்திய அரசு ஆரம்பித்தது. அதில் தமிழ்நாடும் உண்டு. பல வருடம் அது ஆமை வேகத்தில் போனது. 2018ல் புதிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 2022 ஜூனில் 10 சதம் எட்டினார்கள். 2030க்குள் என்று வைத்திருந்த 20 சத இலக்கை முன்னே இழுத்து 2025லேயே எட்டிவிட்டார்கள். 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் கம்பெனி 'எத்தனால் 100' என்ற எரிபொருளைத் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் 183 பங்குகளில் அறிமுகப்படுத்தியது.

(இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 'எத்தனால் 100' அதற்கென்று செய்த ஃபிளெக்ஸ் என்ஜின் வண்டிக்கு மட்டும்தான். "ரேஸ் காருக்கு ஊத்துறான், நம்ம வண்டிக்கும் ஊத்திப் பாப்போம்" என்று சாதாரண டர்போ காரிலோ பைக்கிலோ ஊற்றிவிடாதீர்கள். எண்ணெய் போதாமல் என்ஜின் சூடேறிப் பாழாகும்.)

மேலே சொன்ன இரண்டு எண்களுக்கு இப்போது வருவோம். 84.4 ஆக்டேன் உள்ள பெட்ரோலைத் தரமான பெட்ரோலாகத் தூக்கி நிறுத்த எண்ணெய்க் கம்பெனி சுத்திகரிப்பு நிலையத்தில் நிறையச் செலவு செய்ய வேண்டும். நம் நாட்டுச் சாதாரண பெட்ரோலுக்கு வைத்த தரம் 91. 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வைத்த தரம் 95. ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்துக்கு எத்தனால் தோளில் தூக்கி வைக்கிறது.

ஆக்டேனுக்குச் சந்தையில் என்ன மதிப்பு? 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை உயர்ரக கார்களுக்கென்று டில்லியில் லிட்டர் 160 ரூபாய்க்கு விட்டார்கள். அப்போது அங்கே சாதாரண பெட்ரோல் 83 ரூபாயை ஒட்டி இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு பங்கு விலை! கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆனால் எத்தனாலை ஆலையிடம் வாங்கும்போது இந்த ஆக்டேன் பேச்சே எழுவதில்லை. "மைலேஜ் குறைவு, எரிசக்தி குறைவு" என்ற பேச்சு மட்டும் எழுகிறது. வாங்கும்போது கல்லாங்காசு, விற்கும்போது பொற்காசு. நெல் வியாபாரியிடம் "ஈரம், பதர்" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இந்தத் தராசு நன்றாகவே தெரியும்.

கணக்கைப் பார்ப்போம்

கரும்புச் சாற்றிலிருந்து நேராக எடுக்கும் எத்தனாலுக்கு 2022 நவம்பரில் மத்திய அரசு வைத்த விலை லிட்டர் 65 ரூபாய் 61 காசு. 2024-25 எத்தனால் ஆண்டு வரை இதில் ஒரு காசு ஏறவில்லை. அதே காலத்தில் மக்காச்சோள எத்தனாலுக்கு 71 ரூபாய் 86 காசு வரை ஏற்றினார்கள். மக்காச்சோள விவசாயியும் நம் சகோதரன்தான், அவனுக்குக் கிடைப்பதில் நமக்குப் பொறாமை இல்லை. கரும்புக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

ஒரு டன் கரும்புச் சாற்றில் 70 லிட்டர் எத்தனால் எடுக்கலாம் என்பது பொதுவான கணக்கு. நம் பக்கம் பிழிதிறன் குறைவு என்று சொல்வார்கள். சரி, 60 லிட்டர் என்றே குறைத்து வைத்துக்கொள்வோம்.

60 லிட்டர் x 65.61 = 3,936 ரூபாய் 60 காசு.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு வைத்த எஃப்.ஆர்.பி. விலை, பிழிதிறன் 9.5 சதத்துக்குக் கீழே உள்ள கரும்புக்கு டன் 3,290 ரூபாய் 50 காசு. வித்தியாசம் டன்னுக்கு 646 ரூபாய் 10 காசு. ஏக்கருக்கு 40 டன் என்றால் 25,844 ரூபாய். சக்கையிலிருந்து வரும் மின்சாரம் இந்தக் கணக்கில் இல்லை. ஆலைக்குக் கூலி, வட்டி, எந்திரத் தேய்மானம் எல்லாம் உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. "எல்லாம் போக என்ன மிச்சம், அதில் விவசாயிக்கு எவ்வளவு?" என்று கேட்கிறோம். கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டு என்கிறோம்.

முன்பு இதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. 1966ம் வருடத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில், பார்கவா கமிஷன் பரிந்துரைப்படி 5-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆலைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் லாபத்தில் பாதி விவசாயிக்கு என்றது அது. 2009ல் எஃப்.ஆர்.பி. கொண்டுவந்தபோது அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். 2012ல் ரங்கராஜன் குழு வருவாய்ப் பங்கீடு என்றது. சர்க்கரையும் உபபொருள்களும் விற்ற மதிப்பில் 70 சதம் விவசாயிக்கு என்று கணக்குப் போட்டார்கள். உபபொருள் என்று அவர்கள் எடுத்தது சக்கை, கழிவுப்பாகு, பிரஸ்மட். கழிவுப்பாகு வடிப்பாலைக்குள் போய் எத்தனாலாக வெளியே வந்தபின் கூடுகிற மதிப்பு அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. 2018ல் தமிழ்நாட்டில் கரும்பு கொள்முதல் விலைச் சட்டம் வந்தது. மாநில அரசு பரிந்துரைக்கும் விலை (எஸ்.ஏ.பி.) போனது, வருவாய்ப் பங்கீடு வந்தது. பங்கு வந்தது, பானையில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை!

2024-25 பருவத்துக்கு மாநில அரசு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்தது. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் அது மக்கள் வரிப்பணம். எத்தனால் விற்றவன் கொடுத்த பங்கு இல்லை.

"வேறு எங்காவது இப்படிக் கொடுக்கிறானா?" என்று கேட்பார்கள். கொடுக்கிறான். பிரேசில் நாட்டில் 1975லேயே எத்தனால் திட்டம் ஆரம்பித்தார்கள். 2003 முதல் பெட்ரோலிலும் ஓடும், எத்தனாலிலும் ஓடும் ஃபிளெக்ஸ் கார்கள் அங்கே ஓடுகின்றன. அந்நாட்டின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் கரும்பு விவசாயிகளும் ஆலைக்காரர்களும் சேர்ந்த கொன்செகானா என்ற குழு இருக்கிறது. கரும்பில் உள்ள சர்க்கரைச் சத்தை அளந்து, சர்க்கரை விலையையும் எத்தனால் விலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் கரும்புக்கு விலை போடுகிறார்கள். எத்தனால் விலை ஏறினால் விவசாயிக்கும் ஏறும். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

நம் மேல் பழி போடுகிறவர்களுக்கு

2025ல் டவுனில் வண்டி வைத்திருப்பவர்கள் பலர் கொதித்தார்கள். "கரும்புக்காரனுக்காக எங்க வண்டியை நாசம் பண்றாங்க" என்று பேசினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் விலாசம் தப்பு. பழைய கார்களில் 20 சதக் கலவையால் மைலேஜ் 6, 7 சதம் குறையலாம், பழைய இருசக்கர வண்டிகளில் 3, 4 சதம் குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே 2021ல் சொல்லிவிட்டது. டர்போ வைத்த புது வண்டி 95 ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ளும். பழைய மொபெட்டுக்கு அந்த ஆக்டேனால் பெரிய பிரயோசனம் இல்லை, மைலேஜ் இழப்பு மட்டும்தான் மிச்சம். பழைய மொபெட் யாரிடம் இருக்கிறது? நம்மிடம்தான்! புல்லுக்கட்டும் பால் கேனும் ஏற்றிப் போகிறவன் நட்டப்படுகிறான், 160 குதிரைசக்தி காரில் போகிறவன் லாபப்படுகிறான். எத்தனால் கொடுத்த கரும்புக்காரனுக்கோ இரண்டும் இல்லை.

நம் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுடையது. பெட்ரோலில் ஓடும் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், களை எடுக்கும் வீடர் இவற்றில் பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கிலேயே விட்டு வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் வடித்துவிட்டுக் கார்புரேட்டர் காயும்வரை ஓட்டி நிறுத்துங்கள். மழைக்காலத்தில் டேங்க் மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு நியாயமான கேள்வி தண்ணீர். ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக் கணக்கு. பாலாறும் செய்யாறும் மணலாகக் கிடக்கும் காலங்களைப் பார்த்த நாம் இதைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் "எல்லாரும் கரும்பு போடுங்கள்" என்று இந்தப் பிரசுரம் சொல்லவில்லை. இருக்கிற கரும்புக்குச் சரியான விலை, சொட்டு நீருக்கு முழு உதவி, சோகையிலும் வைக்கோலிலும் எத்தனால் எடுக்கும் தொழில்நுட்பத்தை நம் மாவட்டத்துக்குக் கொண்டுவருவது, இதுதான் நம் வழி. வைக்கோலும் சோகையும் கூடுதல் தண்ணீர் கேட்காது.

நெல்லுக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் உணவுக் கழக அரிசியை எத்தனால் ஆலைகளுக்குக் குவிண்டால் 2,250 ரூபாய்க்குக் கொடுக்க மத்திய அரசு முடிவு செய்தது. அந்தப் பருவத்தில் சாதாரண நெல்லுக்கே ஆதரவு விலை குவிண்டால் 2,300 ரூபாய். நெல்லைவிட அரிசி மலிவு! இது எந்த ஊர் நியாயம்? இத்தனை மலிவாக மூலப்பொருள் கொடுத்தால் எத்தனால் விலையும் அமுங்கியே கிடக்கும், கரும்பு விலையும் அதோடு அமுங்கும்.

கொள்கையும் நாளுக்கொன்று. 2023 டிசம்பரில் சர்க்கரை தட்டுப்படும் என்று சொல்லி, சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கத் தடை போட்டார்கள். 2024 ஆகஸ்டில் தடையை நீக்கினார்கள். கரும்பு 12 மாதப் பயிர். நடும்போது ஒரு சட்டம், வெட்டும்போது ஒரு சட்டம் என்றால் சம்சாரி எதை நம்பி நடுவது?

நம் கோரிக்கைகள்

1. எத்தனால் விற்ற வருவாயைக் கரும்பு விலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நீக்கிய 5-ஏ பிரிவுக்கு ஈடாக, எத்தனால் லாபத்தில் பாதி விவசாயிக்கு என்று சட்டம் வேண்டும்.

2. எஃப்.ஆர்.பி. ஏறும்போதெல்லாம் எத்தனால் விலையும் ஏற வேண்டும். அந்த விலையில் ஆக்டேன் மதிப்பைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

3. தமிழ்நாட்டுக் கூட்டுறவு ஆலைகளில் அமராவதி ஆலையிலும் மோகனூரில் உள்ள சேலம் ஆலையிலும் வடிப்பாலை உண்டு. உத்திரமேரூர் வட்டாரக் கரும்பு போகும் படாளம் கூட்டுறவு ஆலையின் உறுப்பினர்களுக்கும் எத்தனால் வருவாய் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். கழிவுப்பாகை டேங்கரில் ஏற்றி விற்றுவிட்டு, அதன் லாபத்தை வேறொருவன் வடித்து எடுப்பதை வேடிக்கை பார்க்க முடியாது.

4. வடிப்பாலை வைத்தால் கழிவுநீர் ஒரு சொட்டுகூட ஏரிக்கோ வாய்க்காலுக்கோ வரக்கூடாது. ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பல லிட்டர் கழிவுநீர் வரும். சுத்திகரிப்பு வசதி கட்டி முடித்து, ஊர்க்காரர்கள் பார்த்த பிறகே உற்பத்தி.

5. கரும்பு கொடுத்த 14 நாளில் பணம். தவறினால் 15 சத வட்டி. சட்டத்தில் உள்ளதைத்தான் கேட்கிறோம்.

6. பழைய வண்டிக்காரர்கள் விரும்பினால் குறைந்த கலவை பெட்ரோல் வாங்கும் வசதி பங்கில் வேண்டும். ஏழையின் மொபெட் மைலேஜில் கை வைத்து எந்தத் திட்டமும் நிலைக்காது.

7. நம் மாவட்டத்து நிலத்தையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் பயன்படுத்திக் கார் செய்யும் கம்பெனிகள், எத்தனாலுக்கென்றே செய்த டர்போ என்ஜின்களைச் சாதாரண விலைக் கார்களிலும் கொண்டுவர அரசு நிபந்தனை போட வேண்டும். இருபது சதத்தோடு நின்றுவிட்டால் எத்தனாலின் முழு மதிப்பு ஒருநாளும் வெளியே வராது. முழு மதிப்பு வராமல் முழு விலையும் வராது.

கணக்குக் கேட்டது நம் மண்

கடைசியாக ஒன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919லும் 921லும் வெட்டியவை. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலை மூலம் ஆள் எடுக்கும் முறையை அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? அவன் நெருங்கிய உறவுக்காரனும் நிற்க முடியாது!

ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னாலேயே கணக்குக் கேட்ட மண் இது. அந்த மண்ணில் கரும்பு நட்டவன் இன்றைக்கு ஆலையிடம் எத்தனால் கணக்குக் கேட்டால் "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்கிறார்கள்.

உழவர் பெருமக்களே! டர்போ காரில் நாம் போகப் போவதில்லை. ஆனால் அது பாய்கிற ஒவ்வொரு பாய்ச்சலிலும் நம் வேர்வை இருக்கிறது. அந்த வேர்வைக்கு உரிய கூலியைக் கேட்பது பிச்சை ஆகாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் தவறாமல் வாருங்கள். மேலே உள்ள ஏழு கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதிக் கொண்டுவந்து, நிறைவேற்றி, கையெழுத்துப் போட்டு, நகல் கேட்டு வாங்குங்கள். கரும்பு போடாதவர்களும் வாருங்கள். நெல்லுக்கும் இதே தராசுதான். ஒவ்வொரு ஊர்த் தீர்மானத்தையும் எடுத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். ஒருத்தர் போனால் மனு. ஊரே போனால் போராட்டம்.

எத்தனால் கணக்கைக் காட்டு!
எங்கள் பங்கை எடுத்து வை!

உழவர் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்,
ஐயங்கார்குளம் கிளை.